இடப்பக்கம் யாரும் இல்லை

குளிர்காலத்தில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், காலை ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும், அந்த நகரத்தின் பழைய கடைத்தெருவையும் அதைச் சுற்றியுள்ள நாலைந்து சாலைகளையும் சைக்கிள்காரர்களுக்கு விட்டுவிடுவார்கள். ஜெயித்தவருக்கு ஒரு தகரக் கோப்பை, மற்றவர்களுக்குக் கால்வலி. ஓட்ட வருகிறவர்களும் பேர்பெற்ற வீரர்கள் இல்லை. தபால்காரர், கணக்கு வாத்தியார், பல் டாக்டர், ரொட்டிக்கடைக்காரர் என்று ஆறு நாளும் வேறு பிழைப்பைப் பார்த்துவிட்டு, ஏழாம் நாள் உயிரைக் கொடுத்து மிதிக்கிறவர்கள். குளிர் நெஞ்சில் ஏறாமலிருக்கச் சட்டைக்குள் பழைய செய்தித்தாளைச் செருகிக்கொண்டு வருவார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தார். வயது நாற்பத்திரண்டு. எல்லாரும் அவரை ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஓட்டுவார் என்பதால் வந்த பெயர். முப்பது பேர் தோளோடு தோள் உரசிப் போகிற நெரிசலிலும் அவருடைய சக்கரம் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். திடீரென்று ஒடிக்க மாட்டார், தேவையில்லாமல் பிரேக்கைத் தொட மாட்டார். “ஸ்கேல் அண்ணன் பின்னாடி ஒட்டிக்கிட்டா கண்ணை மூடிட்டே போகலாம்” என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒன்பது வருஷத்தில் அவர் ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை. அதில் அவருக்குக் குறையும் இல்லை. அவருடைய வேலை வேறு. காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, மச்சானைத் தன் பின்சக்கரத்தோடு ஒட்டவைத்து, கடைசி இருநூறு மீட்டர் வரைக்கும் இழுத்து வந்து விடுவது. அங்கே அவர் இடப்பக்கம் ஒதுங்குவார். மச்சான் வலப்பக்கமாகப் பீறிட்டுப் போவான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. இருபத்தொன்பது வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதே லிஃப்ட் கம்பெனியில் ஸ்கேலுக்கு ஜோடி. ஆறு நாளும் ஒரே வேனில் போய் ஒரே லிஃப்டின் தலைமேல் ஏறி நிற்பார்கள், ஏழாம் நாள் ஒருவர் பின்னால் ஒருவர் மிதிப்பார்கள். “பேசாம நீங்க அவனையே கட்டியிருக்கலாம். நடுவுல என்னை எதுக்குக் கட்டினீங்க?” என்று மனைவி கேட்பாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவர்களுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு மகள்.

அந்த வருஷம் குளிர் தொடங்கும்போதே ஸ்கேலுக்கு ஒரு தொல்லை தொடங்கியிருந்தது. நடக்கும்போது எதிலாவது கால் இடறியது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் முகப்பில், துடைக்கிற அம்மா வைத்திருந்த வாளியை ஒரே வாரத்தில் இரண்டு தடவை உதைத்துத் தள்ளினார். இரண்டாவது தடவை அந்த அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, “ஏம்ப்பா, லிஃப்டை ரிப்பேர் பண்ண வந்தியா, என்னை ரிப்பேர் பண்ண வந்தியா?” என்று கேட்டாள். அவர் சிரித்துச் சமாளித்தார். வயசாகிறது, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போனார்.

அந்த டாக்டரம்மா கண்ணாடியைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். ரொம்ப நேரம் புள்ளியே வரவில்லை. கருவி ஓடவில்லைபோல என்று எண்ணிக்கொண்டு அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு டாக்டரம்மா இரண்டு தாள்களை மேஜைமேல் விரித்துக் காட்டினார். கண்ணுக்கு ஒன்று. இரண்டும் முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் சின்னதாக வெள்ளை.

“இவ்வளவுதான் உங்களுக்குத் தெரியுது. சாவி போடற ஓட்டை வழியாப் பார்க்கிற மாதிரி. ஓரம் எல்லாம் போயிடுச்சு. இது இன்னும் சுருங்கும்.”

“சொட்டு மருந்து ஏதாவது…”

“இதுக்கு மருந்து கிடையாதுங்க. இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாது, சைக்கிளும்தான். வேலையையும் மாத்திக்கணும். உங்க வீட்ல யாருக்காவது இருட்டினா கண்ணு தெரியாம இருந்திருக்கா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

அவருடைய அப்பா ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தவர். பகலில் ஒரு குறையும் இல்லை. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வரும்போதுதான் விழுவார். சாக்கடை ஓரத்தில் விழுவார், நிறுத்திவைத்த கைவண்டியில் மோதுவார், அடுத்த வீட்டு வாசற்படியில் இடறுவார். தெரு முழுக்க அவரைக் குடிகாரர் என்றது. அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் அம்மாவே ஒரு நாள் வாசலில் நிறுத்தி, “எங்க, வாயை ஊதுங்க பார்ப்போம்” என்று முகர்ந்து பார்த்தாள். அவர் ஊதினார். நாற்றம் இல்லை. அப்படியும் அவள் நம்பவில்லை. விளையாடிவிட்டு இருட்டும் நேரத்தில் வரும்போது எதிரே அப்பா தடுமாறிக்கொண்டு வந்தால், பத்து வயது ஸ்கேல் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவான். அப்பாவுக்கு அது தெரியாது என்றுதான் அப்போது நினைத்திருந்தான். நிஜமாகவே தெரிந்திருக்காது என்பது இப்போது, இந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது விளங்கியது.

“இருந்திருக்கு” என்றார்.

“அப்படின்னா உங்க குழந்தைங்களையும் ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டிடுங்க. தள்ளிப் போடாதீங்க.”

தாள்களை நாலாக மடித்து, வேலைப் பையின் அடியில், ஸ்பேனர்களைச் சுற்றுகிற துணிக்குள் வைத்தார். வீட்டுக்கு வந்தார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் தரையில் படுத்து வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போகும்போது அவள் கையை மிதித்துவிடக் கூடாதே என்று குனிந்து குனிந்து பார்த்தார். “என்னத்தைத் தேடுறீங்க?” என்றாள் மனைவி. “ஒண்ணுமில்ல” என்றார். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அவர் கை கழுவப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு கிடைத்தது. மகளுக்குப் பரீட்சை முடியட்டும். மனைவியின் அலுவலகத்தில் ஆய்வு முடியட்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சாக்கு, பந்தயம். அந்த வருஷம் மச்சான் பிரமாதமாக ஓட்டிக்கொண்டிருந்தான். எட்டு ஞாயிறுக்கும் சேர்த்துப் புள்ளி போட்டு ஒருவருக்குப் பெரிய கோப்பை கொடுப்பார்கள். மச்சானுக்கு அது கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. அவனை இழுத்து வந்து விட ஆள் வேண்டுமே. இந்த எட்டு ஞாயிறு போகட்டும், அப்புறம் வாயைத் திறக்கலாம் என்று ஸ்கேல் தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டார். மச்சானுக்காகத்தான் என்று மனதார நம்பவும் செய்தார். சைக்கிளை விட்டால் தான் யார் என்று யோசிக்கப் பயந்ததை அவர் தன்னிடமே ஒப்புக்கொள்ளவில்லை.

பந்தயத்தில் என்ன நடந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். முன்னால் போகிறவரின் முதுகு தெரியும். அந்த முதுகுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, அங்கே உலகமே கிடையாது, அவ்வளவுதான். பக்கத்தில் வருகிறவர்களை மூச்சுச் சத்தத்தாலும் சங்கிலிச் சத்தத்தாலும் தெரிந்துகொண்டார். கோழி மாதிரி தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் நுழைய வேண்டும். அங்கே விளக்கு இல்லை. மற்றவர்களுக்கு அது நிழல். அவருக்கு முழுக் குருடு. உள்ளே நுழைந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவார். கைப்பிடியை இம்மியும் அசைக்க மாட்டார். நான்கு என்று முடிக்கும்போது வெளியே வந்திருப்பார். பதினைந்து சுற்றுக்குப் பதினைந்து தடவை, யாருக்கும் தெரியாமல், முப்பது பேருக்கு நடுவில் அவர் கண் தெரியாதவராகச் சைக்கிள் ஓட்டினார். “இந்த வருஷம் அண்ணன் போன வருஷத்தைவிட நேராப் போறாரு” என்று தபால்காரர் புகழ்ந்தார். ஸ்கேல் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

ஆறாவது ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை, வேலையில் ஒன்று நடந்தது. ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் மேல்கூரைமேல் இருவரும் நின்றிருந்தார்கள். மச்சான் சுவரோரமாகக் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். ஸ்கேல் தலையைத் திருப்பிப் பார்த்தார். மச்சானின் முதுகு தெரிந்தது. கை தெரியவில்லை. “சரியா?” என்று கேட்டார். பதில் வருவதற்கு முன்பே வந்ததுபோல் ஒரு நினைப்பு. மேலே போகும் பொத்தானை அழுத்தினார்.

மச்சான் அலறிக்கொண்டு கையை இழுத்தான். கையுறையின் இரண்டு விரல் நுனிகள் லிஃப்ட் ஏறி இறங்குகிற தண்டவாளத்துக்கும் அதைக் கவ்வி ஓடுகிற கட்டைக்கும் நடுவில் சிக்கிப் பிய்ந்துபோயின. உள்ளே இருந்த விரல்கள் தப்பின. ஒரு நொடி பிந்தியிருந்தால் தப்பியிருக்காது.

ஸ்கேல் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“அறிவு இருக்காடா உனக்கு? எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கிற? கையை எங்க வைக்கணும்னு தெரியாது?”

மச்சான் வெளிறிப்போய் நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “சாரி மாமா. கவனிக்கல. என் தப்புதான்” என்றான்.

கீழே வந்து வேனில் உட்கார்ந்ததும் அவனே பிளாஸ்கைத் திறந்து, மாமாவுக்கு முதலில் டீ ஊற்றிக் கொடுத்தான். ஸ்கேல் அதை வாங்கிக் குடித்தார். இப்போதே சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. அவர் வேனின் சாவியை அவனிடம் நீட்டி, “நீயே ஓட்டு. எனக்குத் தலைவலி” என்றார். அதோடு சரி.

எட்டாவது ஞாயிறு விடியும்போது மூடுபனி தெருவிளக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. தீயணைப்பு நிலையத்துக்கு முன்னால்தான் புறப்படுகிற இடம். பல் டாக்டர்தான் எல்லாவற்றையும் நடத்துகிறவர். கையில் ஒலிபெருக்கியோடு, “பார்த்துப் போங்க, கல்லு பாவின இடத்துல வழுக்குது. பல்லு உடைஞ்சா நாளைக்கு என்கிட்டதான் வரணும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் கைகளைத் தேய்த்துக்கொண்டு, “மாமா, ரொட்டிக்கடைக்காரரை மட்டும் முந்திட்டாப் போதும். கோப்பை நமக்குத்தான்” என்றான். நமக்குத்தான் என்று அவன் சொன்னதை ஸ்கேல் கவனித்தார்.

ரொட்டிக்கடைக்காரர் அகலத் தோள் உள்ள மனிதர். மாவு பிசைந்து பிசைந்து வந்த தோள். அதிகம் பேச மாட்டார். ஓட்டும்போது முரட்டுத்தனமாக நுழைவார் என்று அவர்மேல் ஒரு பேச்சு உண்டு.

பதினான்கு சுற்று எப்படிப் போயிற்று என்று ஸ்கேலுக்கே தெரியாது. பனியில் அவருக்கு இருந்த அந்தச் சின்ன ஓட்டையும் பாதி அடைத்துக்கொண்டது. கண்ணில் நீர் வழிந்து கன்னத்தில் உறைந்தது. கடைசிச் சுற்றில் ரயில் பாலத்தைத் தாண்டிக் கடைத்தெருவில் நுழைந்ததும் அவர் முன்னால் வந்து, உயிரைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். மச்சான் பின்னால் ஒட்டியிருப்பது சங்கிலிச் சத்தத்தில் தெரிந்தது. இருபுறமும் ஜனங்கள் கத்தினார்கள், விசில் அடித்தார்கள். இருநூறு மீட்டர் என்று காட்டும் சிவப்புத் துணி நேராகத் தெரிந்தது.

அந்த நேரத்தில் வலப்பக்கம் ரொட்டிக்கடைக்காரர் மேலேறி வந்து மச்சானின் வழியை அடைத்துவிட்டார். தோளும் தோளும் ஒரு தடவை உரசின. மச்சானுக்கு வேறு வழியில்லை. “இடது! மாமா, இடது!” என்று கத்திக்கொண்டு இடப்பக்கம் திரும்பினான். அந்தக் கூச்சலில் ஸ்கேலின் காதில் ஒரு சத்தம் விழுந்தது, வார்த்தை விழவில்லை. இடப்பக்கம் தலையைத் திருப்பினார். யாரும் இல்லை. வெள்ளைப் பனிதான் இருந்தது. ஒன்பது வருஷமாக ஒதுங்குகிற மாதிரியே இடப்பக்கம் ஒதுங்கினார்.

பின்சக்கரத்தில் டக்கென்று ஒரு தட்டு. அவ்வளவுதான். அவருடைய சைக்கிள் லேசாக ஆடி நேரானது. பின்னால் இரும்பு கல்லில் தேய்கிற சத்தமும், ஜனங்களின் “ஐயோ”வும் கேட்டன.

அவர் நிறுத்தித் திரும்பி ஓடி வந்தபோது மச்சான் தெருவில் மல்லாந்து கிடந்தான். வலது கால் தொடையில் மடியக் கூடாத இடத்தில் மடிந்திருந்தது. அவன்மேல் மோதி விழுந்த ரொட்டிக்கடைக்காரர் முழங்கையில் ரத்தம் வழிய எழுந்து, “தம்பி, தம்பி” என்று அவன் தலையைத் தாங்கப் போனார். யாரோ அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். “தோளால இடிச்சதை என் கண்ணால பார்த்தேன்” என்றார் கணக்கு வாத்தியார். “நானும் பார்த்தேன்” என்றது இன்னொரு குரல். பல் டாக்டர் ஸ்கேலைப் பார்த்து, “அண்ணே, நீங்க முன்னாடி இருந்தீங்களே. என்ன நடந்துச்சு?” என்று கேட்டார்.

“நான்… பின்னாடி பார்க்கலையே” என்றார் ஸ்கேல்.

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

மச்சானுக்குத் தொடை எலும்பிலும் கழுத்துப்பட்டை எலும்பிலும் முறிவு. அறுவை செய்து கம்பி வைத்தார்கள். தலையிலும் அடி பட்டிருந்ததால் கடைசிச் சுற்று அவனுக்கு ஞாபகமே இல்லை. சொன்னவர்கள் சொன்னதை வைத்து, “அந்த ஆள்தான் என்னை இடிச்சான்” என்று அவனும் நம்பினான். ரொட்டிக்கடைக்காரர் இரண்டு வருஷத்துக்குப் பந்தயத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று ஒரு தாளில் அடித்துத் தீயணைப்பு நிலையத்துச் சுவரில் ஒட்டினார்கள். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தோள் உரசியது உண்மைதானே, தன்னால்தான் அந்தப் பையன் விழுந்தான் என்று அவரும் முடிவு கட்டிக்கொண்டார்.

ஸ்கேல் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு கிடையாது. தினமும் மாலை நாலு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். நாலு அடித்ததும் வார்டு வாசலில் ரொட்டிக்கடைக்காரர் வந்து நிற்பார். கையில் ஒரு காகிதப் பை, அதில் அன்றைக்குச் சுட்ட பன். கட்டிலின் கால்மாட்டில் நின்று, “இன்னிக்கு வலி எப்படி இருக்கு தம்பி?” என்று கேட்பார். மச்சான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். பையை மேஜைமேல் வைத்துவிட்டு, கால் மணி நேரம் அப்படியே நின்றுவிட்டுப் போவார். உட்காரச் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பன்னை யாரும் தொடமாட்டார்கள். அவர் போனதும் மனைவி அதை எடுத்து வார்டு ஆயாவிடம் கொடுத்துவிடுவாள்.

ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று ஸ்கேல் பல்லைக் கடிப்பார். ஒவ்வொரு நாளும் நாலேகால் ஆகிவிடும். படி இறங்கிப்போகிற ரொட்டிக்கடைக்காரரின் காலடிச் சத்தம் தேய்கிறவரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது நின்றதும் மூச்சு வரும். அப்படி மூச்சு வருவதை நினைத்து அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஒரு நாள் ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கீழே பார்த்தால் ஒரு சின்ன வட்டம் அளவு சிமெண்டுத் தரைதான் தெரிந்தது. ஒரு நர்ஸ் வந்து, “இங்க நிக்கக் கூடாது சார்” என்று உள்ளே அனுப்பினாள்.

ஒன்பதாவது நாள், செவ்வாய்க்கிழமை. ரொட்டிக்கடைக்காரர் வழக்கம்போல் வந்தார், கேட்டார், நின்றார். அன்றைக்கு மச்சான் திரும்பிப் பார்த்தான்.

“எதுக்கு தினம் தினம் வர்றீங்க? என் கால் ஒட்டிக்குமா? உங்க மூஞ்சியைப் பார்த்தா எனக்கு எரியுது. இனிமே வராதீங்க.”

ரொட்டிக்கடைக்காரரின் பெரிய தோள்கள் ஒடுங்கின. “சரி தம்பி” என்றார். “ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். வேணும்னு பண்ணல. என்னை மன்னிச்சிரு.” பையை மேஜைமேல் வைக்கலாமா, எடுத்துக்கொண்டு போகலாமா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

“நில்லுங்க” என்றார் ஸ்கேல்.

எழுந்தபோது நாற்காலி கீழே விழுந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது.

“இவர் இடிக்கல. நான்தான். என் பின்சக்கரம்தான் பட்டுச்சு. எனக்குத் தெரியும். அப்பவே தெரியும்.”

“என்ன மாமா சொல்றீங்க? நீங்களாவது இடிக்கிறதாவது” என்றான் மச்சான்.

“எனக்குப் பக்கத்துல கண்ணு தெரியல டா. ரெண்டு பக்கமும் தெரியல. நீ இடப்பக்கம் வந்தது எனக்குத் தெரியவே இல்ல.”

வேலைப் பை கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. அவர் குனிந்து துழாவி, துணியைப் பிரித்து, எண்ணெய்க் கறை படிந்த அந்த இரண்டு தாள்களையும் போர்வைமேல் விரித்தார். மனைவி தாளை எடுத்து மேலே போட்டிருந்த தேதியைப் படித்தாள். மச்சான் தன் கையைத் தூக்கி இரண்டு விரல்களைப் பார்த்தான்.

“அன்னிக்கு லிஃப்ட் மேல… அப்பவும்?”

“அப்பவும்தான்.”

“நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன் மாமா.” அவன் குரல் உடைந்தது. “நான் கேட்டேன். நீ பேசாம டீ குடிச்சே!”

அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனை அவன் நீ என்று சொன்னதில்லை. சொன்னதை அவனும் திருத்திக்கொள்ளவில்லை.

மனைவி தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். “இது பரம்பரையா வர்றதா?”

“ஆமா.”

“குழந்தையைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“ஒன்பது வாரமாச்சு. ஒன்பது வாரமா அவ என் பக்கத்துல உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதறா. நீங்க பார்த்துட்டு இருந்தீங்க.” அவள் கத்தவில்லை. தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளை அந்த மாலையே கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள் என்பது அவருக்கு மறுநாள்தான் தெரியும்.

ரொட்டிக்கடைக்காரர் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார். ஸ்கேல் அவர் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“கையைக் கீழ போடுங்க” என்றார் அவர். “கடைக்கு வர்றவங்க எல்லாம் என்னைக் கேக்கறாங்க. என் சம்சாரம் கேட்டா. எல்லார்கிட்டயும் ஆமா, நான்தான் இடிச்சேன்னு சொல்லிட்டேன். என் வாயாலயே சொல்லிட்டேங்க. அதை நான் இப்ப எப்படித் திரும்ப எடுக்கறது?”

ஸ்கேல் கையைக் கீழே போட்டார்.

“நீங்களே வந்து எடுங்க” என்றார் ரொட்டிக்கடைக்காரர். “கடைக்கு வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அந்தச் சுவத்துல இருக்கிற தாளையும் நீங்களே கிழிக்கணும்.”

மறுநாள் காலையில் கூட்டம் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து ஸ்கேல் கடைக்குப் போனார். வரிசையில் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். அவர்களுடைய முகங்களை ஒவ்வொன்றாகத்தான் அவரால் பார்க்க முடிந்தது. சொன்னார். பாதிப் பேருக்கு அவர் யாரென்றே தெரியாது. ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், “காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்திருக்கான்போல” என்று முணுமுணுத்தார். அது ஸ்கேலின் காதில் தெளிவாக விழுந்தது. அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். பிறகு தீயணைப்பு நிலையத்துக்குப் போய்ப் பல் டாக்டர் முன்னால் தாளைக் கிழித்து, பந்தயத்தில் முதுகில் குத்திக்கொள்கிற தன்னுடைய எண் அட்டையையும் கொடுத்தார். பல் டாக்டர் ரொம்ப நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரயில் பாலத்துக்கு அடியில என்னண்ணே பண்ணீங்க?” என்று கேட்டார்.

“எண்ணினேன்.”

“ஐயோ” என்றார் பல் டாக்டர். அந்தக் கூட்டத்தில் யாரும் அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை.

மகளின் கண்ணில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும் என்றார்கள். இப்போதைக்கு என்ற அந்த வார்த்தையோடுதான் அந்த வீடு அதற்குப் பிறகு குடித்தனம் நடத்தியது. கம்பெனியில் ஸ்கேலைத் தொலைபேசியில் உட்காரவைத்தார்கள். லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிடுகிறவர்களிடம் என்ன சத்தம் வந்தது என்று கேட்டு, என்ன கோளாறு என்று எழுதி அனுப்புகிற வேலை. சம்பளம் குறைவு. மனைவி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள், மார்க்கெட் வாசலில் அவர் ஒரு கூடைமேல் இடித்துக்கொண்டு நின்றபோது, அவள் வெடுக்கென்று முழங்கையைப் பிடித்து இழுத்து, “பார்த்து வாங்க” என்றாள். பிடித்த கையை வீடு வரைக்கும் விடவில்லை. கோபமும் விடவில்லை.

மச்சான் ஆறு மாதம் கழித்துக் கைத்தடி இல்லாமல் நடந்தான். வலது கால் அரை அங்குலம் குட்டை. அக்காவைப் பார்க்க வருவான், மகளோடு விளையாடுவான், ஸ்கேல் அறைக்குள் வந்தால் எழுந்து போய்விடுவான். “அவன் வரும்போது நான் வெளிய போயிடறேன்” என்று அவர் ஒரு தடவை சொன்னார். “எங்கயும் போக வேண்டாம். அவன் எழுந்து போறதையும் பார்த்துட்டு உட்காருங்க” என்றாள் மனைவி.

அடுத்த குளிர்காலம் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை பகலில் மச்சான் வந்தான். அக்கா வீட்டில் இல்லை. ஸ்கேல் தனியாக உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவன் வாசலிலேயே நின்றான். நொண்டுகிற காலை மாற்றி ஊன்றுகிற சத்தம் கேட்டது.

“உங்க சக்கரம் ரெண்டும் சும்மாதானே கிடக்கு” என்றான். “எனக்கு வேணும்.”

“ஓட்டப் போறியா?”

“ரொட்டிக்கடைக்காரர் காலையில கூட்டிட்டுப் போறேன்னாரு. மெதுவாத்தான். ஜெயிக்கிறதுக்கெல்லாம் இல்ல.”

ஸ்கேல் எழுந்து பின்கட்டுக்குப் போனார். சைக்கிள் போர்வை போட்டு மூடியிருந்தது. அவருக்கு இப்போது ஒரு காசு அளவுதான் தெரியும். அதனால் கையாலேயே தடவிச் சக்கரங்களைக் கழற்றினார். இரண்டையும் துடைத்து, வாசலுக்குக் கொண்டுவந்து நீட்டினார். மச்சான் வாங்கி, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிவிட்டான். அது லேசாகக் கோணிக்கொண்டு சுற்றியது.

“ஆரக்கம்பி தளர்ந்திருக்கு” என்றான்.

“தெரியும். கடையில கொடுத்தா இறுக்கித் தருவான்.”

மச்சான் சக்கரத்தை இன்னொரு தடவை சுற்றிவிட்டான். பிறகு முன்சக்கரத்தை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு, பின்சக்கரத்தைச் சுவரில் சாய்த்துவைத்தான்.

“புதன்கிழமை வந்து எடுத்துக்கறேன். நீங்களே இறுக்கி வைங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு காலை இழுத்து இழுத்துத் தெருவில் இறங்கிப் போனான்.